சிவப்பு மையில் இருபத்து மூன்று பெயர்கள்

என் தங்கை ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கையெழுத்தைப் பார்த்து அங்கே எல்லோரும் ‘அச்சு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் எட்டாவதோடு நின்ற தையல்காரி. அவளைப் பற்றிப் பேசினால் என் குரல் தானாக உயரும்.

வருடா வருடம் பதினொரு நாடுகளுக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை எழுதி அனுப்புவது அவள் பொறுப்பு. ஒரு நாட்டில் வந்த அட்டைகளைக் கயிற்றில் கோத்துச் சுவரில் தொங்கவிடுவார்களாம். இன்னொன்றில் வீட்டு நடப்பையெல்லாம் எழுதி உள்ளே வைப்பார்களாம். எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். இந்த வருடம் கொரியா புதிதாகச் சேர்ந்தது. இருபத்து மூன்று கப்பல் அதிகாரிகள். பளிச்சென்று இருக்கட்டும் என்று வழக்கம்போல உறைகளில் பெயர்களைச் சிவப்பு மையில் எழுதிவிட்டாள்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போன்.

“அக்கா, நான் தொலைஞ்சேன்.”

அலுவலகத்துக்கு வந்த கொரிய இன்ஜினியர், மை கொட்டியதால் வேறு எழுதிவிட்டு மேசையில் ஒதுக்கிப் போட்டிருந்த ஓர் உறையைப் பார்த்து முகம் வெளுத்து, “இவர் எப்போது இறந்தார்?” என்று கேட்டிருக்கிறார். அங்கே பெயரைச் சிவப்பில் எழுதினால் செத்தவர் என்று அர்த்தமாம். அட்டைகளோ காலையிலேயே தபாலுக்குப் போய்விட்டன. நாலு மணிக்குத் தபால் வண்டி.

ஊசியைத் துணியிலேயே விட்டுவிட்டு ஓடினேன். தபால் நிலைய வாசலில் அவள் எனக்காக நின்றிருந்தாள்.

“கம்பெனி லெட்டர் இல்லாம பையைப் பிரிக்க முடியாதும்மா” என்றாள் கவுண்டர்காரி.

“முகவரி தப்புன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுடி” என்றேன்.

“அந்த இன்ஜினியர் நாளைக்கு வாயைத் திறந்தா? நீ சும்மா இரு, அக்கா.”

மேனேஜருக்குப் போன் போட்டு நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் குரல் எனக்கே கேட்டது.

“ஒரு கவர் அங்க போய்ச் சேர்ந்தாலும் உனக்கு இங்க வேலை இல்லம்மா.”

கம்பெனி டிரைவர் கடிதத்தோடு வந்தபோது மூன்று நாற்பத்தைந்து. கவுண்டர்காரி பையைக் கொட்டினாள். பொறுக்கி எடுத்து மூன்று தடவை எண்ணினேன். மூன்று தடவையும் இருபத்திரண்டு. மூத்த கேப்டனின் உறை மட்டும் இல்லை. மதிய வண்டியிலேயே போயிருக்க வேண்டும்.

“எல்லாம் கிடைச்சிருச்சுன்னு சொல்லு” என்று காதில் சொன்னேன். என்னை முறைத்துவிட்டு, மேனேஜருக்குப் போன் போட்டு, “ஒண்ணு போயிருச்சு சார்” என்றாள்.

“மன்னிப்புக் கேட்டு அவருக்கு இப்பவே கடிதம் போடு. அது அந்தக் கவருக்கு முந்திப் போனா நீ இருக்கலாம்” என்றார் அவர்.

எழுதிக் கொடுத்தாள்.

“விரைவுத் தபால் ரெண்டு நாள் முந்தும். வழக்கமா” என்றாள் கவுண்டர்காரி.

“வழக்கமான்னா?”

“நான் என்னம்மா, கூடவே பறந்து போறேனா?”

இன்றோடு ஐந்து நாள். தங்கை வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறாள். வீட்டில் போன் அடித்தால் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். யாரும் உடனே எடுப்பதில்லை.