ஓட்டிப் பார்க்காத பக்கம்

எங்கள் வீட்டு அலமாரியில் வளையம் போட்ட நீல ஃபைல் ஒன்று இருக்கிறது. நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. அத்தனையும் நான் டைப் அடித்தவை. அதில் ஒரு பக்கத்தின் அடியில் ஒரு பொய் இருந்தது. அதை என் கணவரிடம் ஒத்துக்கொள்ள எனக்கு ஐந்தாறு வருடம் கிடைத்தது. ஒரு நாள்கூட வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தால், கேட்க அவர் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். ஆனால் கேட்டு என்னைத் திட்டுவதற்கு அவருக்குள் யாரும் மிச்சமில்லை.

குன்னூரில் பழைய தேயிலைக் கிடங்கு ஒன்றில் எங்கள் கம்பெனி நடந்தது. மொத்தம் ஒன்பது பேர். தேயிலை பேக்டரிகளுக்குக் கன்ட்ரோலர் பெட்டி செய்தோம். இலை வாடும்போது காற்றை எப்போது நிறுத்த வேண்டும், டிரையரில் சூடு எதுவரை ஏறலாம் என்று பார்த்துக்கொள்ளும் பெட்டி. அதற்குள் இருக்கும் சிப்புக்கு எண்கள் மட்டும்தான் புரியும். மனிதர்கள் எண்களாகவே எழுதினால் பைத்தியம் பிடித்துவிடும். ஆகவே சின்னச் சின்னச் சொற்களில் எழுதுவார்கள். அவற்றை எண்ணாக மாற்றித் தருகிற புரோகிராமுக்குப் பெயர் அசெம்பிளர். எங்கள் சிப்புக்கென்று ஓர் அசெம்பிளரைத் தனி ஆளாக எழுதியவர் என் கணவர். அதற்குக் கையேடு எழுதி, அது மாற மாறத் திருத்தி வைப்பது என் வேலை.

கையேட்டில் பாதிக்கு மேல் டைரக்டிவ்கள். அவை சிப்புக்குப் போகிற கட்டளைகள் இல்லை, அசெம்பிளருக்கே நாம் சொல்லிவைப்பவை. இந்த இடத்திலிருந்து ஆரம்பி, இங்கே இருபது இடம் காலி விடு, இந்தப் பெயர் வந்தால் இந்த எண்ணைப் போடு. கல்யாண வீட்டில் சாப்பிட வருகிறவர்களுக்குச் சொல்வது ஒன்று, பந்தி விசாரிக்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது ஒன்று இல்லையா, அந்த மாதிரி.

என் கணவர் கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். நான் வெலிங்டன் ராணுவ ஆபீஸில் சிவிலியன் கிளார்க்காக இருந்தவரின் மகள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், மூக்கு நுனியில் கோபம். அந்தக் கிடங்கில்தான் பழகினோம், அங்கே இருக்கும்போதுதான் கல்யாணமும் ஆயிற்று.

மாதம் ஒரு முறை மாற்றுப் பக்கங்கள் தபாலில் பேக்டரிகளுக்குப் போகும். அங்கே இருக்கும் இன்ஜினியர்கள் பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மாற்றுப் பக்கத்தின் அடியிலும் ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி இருக்கும். அசெம்பிளர் மாறியது, அசெம்பிளரில் பிழை, கையேட்டில் பிழை. மூன்றில் ஒன்று. இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். இன்னொரு சட்டமும் எனக்கு இருந்தது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால், அது என்ன செய்யும் என்று என் கணவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். அதை நான் நம்ப மாட்டேன். சரியாகக் கொடுத்து ஒரு தரம், வேண்டுமென்றே தப்பாகக் கொடுத்து ஒரு தரம், நானே கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்த பிறகுதான் டைப்ரைட்டரில் தாளைச் சொருகுவேன்.

“ஏனுங்க, பேரு எட்டெழுத்துக்கு மேல போனா அசெம்பிளர் நிக்கும்னு எழுதியிருக்கீங்க. நிக்கலீங்க.”

“கட்டுன புருஷனை நம்ப மாட்டியா, அம்மிணி?”

“புருஷனை நம்புவனுங்க. சீட்டை நம்ப மாட்டேன்.”

இதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். புதிதாக யார் வேலைக்கு வந்தாலும் என்னைக் காட்டி, “எங்க ஊட்டுக்காரி ஓட்டிப் பாக்காம ஒரு வரி எழுத மாட்டா” என்பார். எனக்கு அது நகை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். வெளியே முறைப்பேன்.

ஓர் ஐப்பசியில் விடாமல் மழை. மலைப்பாதையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து இரண்டு நாள் கரண்ட் இல்லை. மறுநாள் தபால் போயாக வேண்டும். அவர் தந்த சீட்டு ஒன்று என் மேஜையில் இருந்தது. லிமிட் என்று ஒரு புது டைரக்டிவ். ஓர் அட்டவணைக்கு இவ்வளவுதான் இடம் என்று எல்லை வைத்துவிட்டால், அட்டவணை அதைத் தாண்டும்போது அசெம்பிளர் நின்று பிழை சொல்லும். இல்லையென்றால் நீண்டுபோன அட்டவணையின் கடைசி எண்கள் மேல் அடுத்த பகுதி ஏறி உட்கார்ந்துவிடும், யாருக்கும் தெரியாது. சீட்டில் குண்டு குண்டான எழுத்தில், உதாரணத்தோடு தெளிவாக எழுதியிருந்தார். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் வேண்டும். டைப்ரைட்டருக்கு வேண்டாம். நான் தாளைச் சொருகினேன். கரண்ட் வந்ததும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வந்தது. மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து இத்தலார் பக்கம் ஒரு பேக்டரியில் இன்ஜினியர் சூட்டு அட்டவணையை நீட்டினார். லிமிட் போட்டிருக்கிறோமே என்ற தைரியம். அசெம்பிளர் வாயைத் திறக்கவில்லை. டிரையர் தாறுமாறாகச் சூடேறி, ஒரு நாள் தூள் முழுக்கத் தீய்ந்த வாடை.

முதலாளி எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். அவர் மேஜையில் என் பக்கமும் என் கணவரின் சீட்டும் இருந்தன.

“சீட்டு இருக்குது, கையேடு இருக்குது. அசெம்பிளர்ல லிமிட்டுங்கற பேரு மட்டுந்தான் இருக்குது. பேரைக் கேட்டுக்கிட்டுச் சும்மா போகுது. செய்ய வேண்டிய வேலையை யாரும் எழுதவே இல்லையே?”

“எழுதுனனுங்க” என்றார் என் கணவர். “எழுதுனது எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங்க.”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “நீங்க ஓட்டிப் பாத்தீங்களாம்மா?”

எட்டு பேர் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் எனக்குப் புருஷன் பெரிதாகத் தெரியவில்லை, கையேடு பெரிதாகத் தெரிந்தது. இல்லை, இதிலும் பொய் எதற்கு? என் பெயர்தான் பெரிதாகத் தெரிந்தது.

“பாத்தேனுங்க. அன்னைக்குச் சரியா நின்னுச்சுங்க.”

என் கணவரின் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். என்னை நன்றியோடு பார்த்தார். “அதானுங்க சொன்னேன், எழுதியிருந்தனுங்க. எங்கியோ அழிச்சுப் போட்டேனாட்ட இருக்குது” என்றார். தப்பு முழுவதையும் அவரே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். மாற்றுப் பக்கத்தின் அடியில் “அசெம்பிளரில் பிழை” என்று டைப் அடித்தேன்.

லிமிட்டுக்கான வரிகளை அந்த வாரமே வேறொருவர் எழுதிச் சேர்த்துவிட்டார். விஷயம் அங்கே முடிந்திருக்க வேண்டும். அவருக்கு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாவியை வாங்கிக்கொண்டு கிடங்குக்குப் போய், பழைய பிளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டுத் தேடினார். நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன்.

“நீ ஓட்டிப் பாத்தயல்ல, அம்மிணி? அப்ப இருந்துச்சல்ல?”

“இருந்துச்சுங்க.”

“அப்ப எங்கியோதான் இருக்கோணும்.”

நாலு மாதம். இல்லாத ஒன்றை, நான் இருந்தது என்று சொன்ன ஒரே காரணத்துக்காக, அந்த மனிதர் நாலு மாதம் தேடினார். இருந்துச்சுங்க, இருந்துச்சுங்க என்று சாப்பாட்டுத் தட்டை நீட்டிக்கொண்டே சொன்னேன். ஒரு நாள் எரிச்சலில், “நாலு வரி எழுதறதுக்குத் துப்பில்லாம நாலு மாசமா இதையே துழாவுறீங்க” என்றேன். அவர் பிளாப்பியை உறையில் போட்டுப் பெட்டியை மூடினார். அதற்குப் பிறகு தேடவில்லை. தன் கையையும் நம்பவில்லை. ஒரு வரியை எழுதிவிட்டு மூன்று தரம் என்னிடம் காட்டுவார். சட்டைப்பை நிறையச் சீட்டு. கேட்டதையே திரும்பக் கேட்பார். சோம்பேறித்தனம் என்று நான் திட்டினேன். வயசாகுது என்று கேலி செய்தேன்.

பிறகு ஒரு நாள் வெலிங்டன் பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். தெரிந்தவர் ஒருவர் கைபிடித்துக் கூட்டி வந்தார். கோயம்புத்தூரில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, இந்த மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடம் முன்பே உள்ளே ஆரம்பித்திருக்கும் என்றார்.

“செய்ய நெனச்சதைச் செஞ்சு முடிச்சதாவே நம்புவாங்க. பொய் சொல்றாங்கன்னு நெனச்சுக்காதீங்க. அவங்களுக்கு அது நெசம்.”

மலையேறுகிற பஸ்ஸில் அவர் என் தோளில் தலை வைத்துத் தூங்கினார். நான் பின்னோக்கி வருடங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். லிமிட்டில் போய் நின்றது. அதற்கு முன் அவர் தந்த சீட்டுகளில் சின்னச் சின்னத் தப்பு இருந்திருக்கிறது, எழுதாததை எழுதியதாகச் சொன்னதே இல்லை. அதுதான் முதல் அறிகுறி. அதைப் பிடிக்கக்கூடிய இடத்தில் உலகத்திலேயே ஒரே ஒருத்தி இருந்தாள், அவளுக்கு அன்று கரண்ட் இல்லை. ஓட்டிப் பார்த்திருந்தால் நோய் போயிருக்காது, தெரியும். ஆனால் அந்த நாலு மாதம் இருந்திருக்காது. முதலாளியின் அறையில் அன்று பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

அப்போதும் அவருக்குச் சொன்னால் புரிந்திருக்கும். இன்னும் இரண்டு வருடம் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தார். சொன்னால் மனசு ஒடிந்துபோவார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவர் மன்னித்துவிடுவார் என்பதுதான் எனக்கு இருந்த பயம்.

கம்பெனி மூடிவிட்டது. அந்தப் பெட்டிகள் எந்த பேக்டரியிலும் இன்று இல்லை. கையேட்டில் மிஞ்சியிருப்பது எங்கள் வீட்டுப் பிரதி ஒன்றுதான். மத்தியானம் பனி இறங்கியதும் அவருக்கு ஃபைல் வேண்டும். ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பேன். சில இடங்களில் சரியாகத் தலையாட்டுவார். என்னை இப்போது அம்மிணி என்று கூப்பிடுவதில்லை. “ஏனுங்க, தண்ணி கொஞ்சம் கெடைக்குங்களா?” என்று அசலூர்ப் பெண்ணிடம் கேட்பது போல மரியாதையாகக் கேட்கிறார். அந்த மரியாதையை என்னால் தாங்க முடிவதில்லை.

போன மாதம் டைப்ரைட்டரைத் துடைத்து, ரிப்பனைத் தேடிப் பிடித்து மாட்டி, கடைசியாக ஒரு மாற்றுப் பக்கம் அடித்தேன். லிமிட். மேலே இருந்த விவரத்தில் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. அடியில் இருந்த வரியை மட்டும் மாற்றினேன். “கையேட்டில் பிழை. ஓட்டிப் பார்க்காமல் எழுதப்பட்டது. அசெம்பிளரை எழுதியவர் பொய் சொல்லவில்லை.” வளையத்தைத் திறந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினேன். அன்று மத்தியானம் அந்தப் பக்கத்தை அவருக்கு மெதுவாக, கடைசி வரி வரை வாசித்தேன். முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் கவனமாகக் கேட்டார்.

“யாருங்க இதை எழுதுனது?”

“நான்தானுங்க.”

வேலைக்குப் புதிதாக வந்த பெண்ணைப் பார்ப்பது போல என்னைப் பரிவாகப் பார்த்தார்.

“அழுகாதீங்க. இதுக்கெல்லாமா அழுவாங்க? எங்க ஊட்டுக்காரிகிட்டக் குடுங்க, அவ பாத்துத் திருத்திருவா. அவ ஓட்டிப் பாக்காம ஒரு வரி எழுத மாட்டா.” வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். “ஆபீஸ்ல இருந்து வர்ற நேரந்தானுங்க. செத்த இருந்து பாத்துட்டுப் போங்க.”

சரிங்க என்றேன். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, அவரோடு சேர்ந்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.