கேமராவைத் திருப்பச் சொன்னார்கள்

ஒரே மத்தியானத்தில், ஒரே மீட்டிங் அறையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து எங்கள் இருவரையும் வேலையிலிருந்து அனுப்பினார்கள். எனக்கு நாற்பத்தைந்து. அக்காவுக்கு நாற்பத்தெட்டு. கூடப் பிறந்தவர் இல்லை. பதினோரு வருடம் பக்கத்து மேசை. ஒரு சாஃப்ட்வேரை ஆயிரம் தடவை தட்டிப் பார்த்து எங்கே உடைகிறது என்று சொல்லும் டெஸ்டிங் வேலை எங்களுடையது. இனி அந்தத் தட்டலையும் ப்ரோக்ராமே செய்துகொள்ளுமாம். அந்த ப்ரோக்ராமை எழுதக் கற்றுக்கொள்ள, தாம்பரத்தில் ஒரு மாடிக் கிளாஸில் சேர்ந்தோம்.

நான் சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுவேன். ஊரப்பாக்கத்தில் அக்கா ஏறுவார். அங்கிருந்து தாம்பரம் வரை, லேடீஸ் கோச்சின் நெரிசலில், கம்பியைப் பிடித்தபடி ஒருவரையொருவர் இன்டர்வியூ எடுப்போம். பூ விற்கிற அம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. "இன்னாமா, இந்த வயசுல ஒப்பிச்சிகினு கீறீங்க? வாத்தியார் முட்டி போட வெப்பாரா?" என்பார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் பதில் மறந்துவிடும்.

மறதி இல்லை அது, பயம். அக்காவுக்கு வேலை விரலில் இருந்தது. யாராவது கேட்டால் வாயில் வராது. அதனால் வீடியோ இன்டர்வியூ என்றால், பைபிள் வசனக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் குறிப்பு எழுதி, லேப்டாப்புக்கு எதிரே சுவரில் ஒட்டிவைப்பார். வசனம் சுவரைப் பார்த்திருக்கும். விடை அக்காவைப் பார்த்திருக்கும். எங்கள் கிளாஸில் பாதிப் பேர் செய்ததுதான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யார் முதலில் இன்டர்வியூவை முடிக்கிறார்களோ, அவர்கள் ஒன்றுவிடாமல் அடுத்தவருக்குச் சொல்லிவிட வேண்டும். யாரும் போட்ட சட்டமில்லை. அக்கா எனக்கு மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒருமுறை காய்ச்சலோடு, இருமி இருமி, ஒரு மணி நேரம் ஃபோனில்.

கிண்டியில் ஒரு கம்பெனி. ஒரே ஒரு இடம். எனக்குத் திங்கள், அக்காவுக்குப் புதன்.

திங்களன்று திரையில் வந்தது என் மகள் வயதுப் பெண். வணக்கம்கூடச் சரியாக முடியவில்லை, கேமராவை ரூம் முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொன்னாள். லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினேன். என் சுவரில் ஒரு பல்லி, ஒரு பழைய ஆணி. நேர்மையால் அல்ல, குறிப்பெழுத எனக்குச் சோம்பல். அவள் தலையாட்டிவிட்டு முதல் கேள்விக்குப் போனாள்.

முடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டேன். கேள்விகள் அத்தனையும் சொன்னேன். எந்த இடத்தில் மடக்குகிறார்கள், எங்கே விட்டுவிடுகிறார்கள், எல்லாம். கேமராவை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுத எவ்வளவு ஆசையாக இருக்கிறது. மறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, மாத்திரையை விழுங்குவதுபோல் விழுங்கினேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா வீட்டுக்கே போனேன். போகாமல் இருந்திருக்கலாம். அவர் நாற்காலிமேல் ஏறித் தாள்களை ஒட்டிக்கொண்டிருந்தார். நான் செல்லோடேப்பைப் பல்லால் கடித்துக் கடித்து நீட்டினேன். ஒரு தாளைக் காட்டி, இது இன்னும் கொஞ்சம் கீழே, கண்ணுக்கு நேராக இருக்கட்டும் என்று யோசனைகூடச் சொன்னேன். காபி கொடுத்தார். குடித்தேன். வாசலில் செருப்பு மாட்டும்போதும் நேரம் இருந்தது. ஆட்டோவுக்குக் கைகாட்டும்போதும் இருந்தது. நேரம் என்னைவிட்டுப் போகவே இல்லை. நான்தான் அதைவிட்டுப் போனேன்.

புதன் மதியம் ஃபோன் வந்தது. அக்கா அழவில்லை. மெதுவாக, சாட்சி சொல்கிறவர்போலச் சொன்னார். கேமராவைத் திருப்பச் சொன்னார்களாம். கிழிக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது. திருப்பினாராம். அந்தப் பெண் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாளாம். பிறகு தேங்க்யூ மேம் என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டாளாம். ஞாயிறுதோறும் சர்ச்சில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவர் அக்கா. அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார்.

"உன்னையும் திருப்பச் சொன்னாங்களா?"

"இல்லக்கா."



"அப்ப என் மூஞ்சியிலதான் ஏதோ இருந்திருக்கு," என்றார்.

முதல் பொய்யால் அவருக்கு ஒரு வேலை போயிற்று. இந்த இரண்டாவதால் என்ன போயிற்று என்று நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. வேலை எனக்குக் கிடைத்தது. நான் வேலையில் சேர்ந்த அன்று அக்கா ரயிலில் இரண்டு முழம் மல்லி வாங்கி, ஆடும் பெட்டியில் நின்றபடியே என் தலையில் வைத்துவிட்டார். பின்னால் நின்றிருந்ததால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. நாள் முழுக்கப் புது ஆபீஸில் அந்த மணம் என்னை விடாமல் துரத்தியது.

இப்போதும் அதே ரயில்தான். அக்கா இன்னும் கிளாஸுக்கு வருகிறார், இன்டர்வியூக்களும் வந்துகொண்டிருக்கின்றன. சுவரில் எதுவும் ஒட்டுவதில்லையாம். டேப் உரித்த இடங்களில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறது, வெள்ளை அடிக்க வேண்டும் என்றார். போன வாரம் ஒன்றைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"இப்பல்லாம் அவங்க கேக்கறதுக்கு முன்னாடியே நானே சுத்திக் காட்டிடறேன். சுவரு, பீரோ, கதவுக்குப் பின்னாடி, மேசைக்கு அடியில. போதும் மேம், போதும்னு அவங்களே சொல்றாங்க."

"அக்கா," என்றேன்.

"சொல்லு."

பெருங்களத்தூரில் ஏறிய கூட்டம் எங்களை இன்னும் நெருக்கித் தள்ளியது. அவர் முகம் என் முகத்துக்கு வெகு அருகில் இருந்தது. களங்கமில்லாத முகம், அதைத்தான் அவர் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிகிறார்.

"ஒண்ணுமில்லக்கா. கேள்வி கேக்கட்டுமா?"

கேள் என்றார். தாம்பரம் வரை கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.