குளத்துக்கு முன்னே வந்த ஏணி

எங்கள் வீட்டில் நீச்சல் குளத்துக்கு முன்னால் ஏணிதான் வந்தது. சுங்கைப் பட்டாணியில் பழைய இரும்பு வாங்கி விற்கும் ஒரு கடையில் அதைப் பார்த்தேன். துருப்பிடிக்காத எஃகு, இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடி, நேராக இறங்கும் நான்கு படி. யாரோ பங்களாக்காரர் தன் வீட்டுக் குளத்தை மூடியபோது கழற்றிப் போட்டிருக்கிறார். கையுறைத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் இயந்திரங்களைப் பழுது பார்த்தவன் நான். நல்ல எஃகைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. காரின் கூரையில் கட்டிக்கொண்டு சுங்கை லாலாங்கில் இருக்கும் எங்கள் வீடு வரைக்கும் ஓட்டி வந்தேன்.

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"இத எதுல மாட்டப் போறீங்க?"

"குளத்துல."

"குளம் எங்க?"

"வரும். மொதல்ல ஏணியப் பாரு, எப்படி இருக்கு?"

அவள் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். சாயந்திரம் அதன்மேல் ஈரத் துண்டுகளைக் காயப் போட்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது என் வழக்கம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் எடுத்துக்கொண்டு வருகிறேன்.

குளம் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். அவளுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டது. பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருஷம் நின்றுகொண்டே வேலை செய்தவள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணிக்குள்ள நடங்கம்மா, நெஞ்சு வரைக்கும் தண்ணி இருந்தா முட்டிக்குப் பாரம் தெரியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நடக்காம உட்கார்ந்துட்டாங்கன்னா, அப்புறம் எழுப்பி நடக்க வைக்கிறது கஷ்டம்" என்றார். அந்த வார்த்தை என் மனசில் போய் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் அவள் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் எப்போது எழுவாள் என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆகவே, ஏணி வாங்குவதற்கு முன்னால், பட்டணத்தில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். காசு கட்டினால் வெளியாட்களும் அங்கே குளத்தில் இறங்கலாம். நான் இறங்கவில்லை. தண்ணீர் என்றால் எனக்கு ஒரு வாளி வரைக்கும் சரி, அதற்கு மேல் பயம். வயதானவன் சொல்லிக்கொள்ளக் கூடாத விஷயம், இருந்தாலும் உண்மை அதுதான். அவளை உள்ளே அனுப்பிவிட்டு எதிர் டீக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம் கழித்துத் தலை சொட்டச் சொட்ட வந்தாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"பஞ்சாபி சூட்டோட எறங்கக் கூடாதாம். இனிமே இங்க வர வேணாம்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நேரே ஹோட்டல் முகப்புக்குப் போனேன். அங்கிருந்த பெண் மரியாதையாக ஒரு பலகையைக் காட்டினாள். நீச்சல் உடை கட்டாயம் என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. மூன்றையும் படித்துவிட்டு நான்காவது மொழியில் கத்தினேன். வீட்டுக்கு வரும் வழியிலேயே, நம் கொல்லையில் குளம் வெட்டுகிறேன், நீ புடவை கட்டிக்கொண்டுகூட நடக்கலாம் என்று சபதம் போட்டுவிட்டேன். அவள் காரின் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஏணி வந்த மறுநாளே வரைபடம் போட்டேன். இருபது அடி நீளம், பத்தடி அகலம், ஐந்தடி ஆழம், ஓரத்தில் என் ஏணி. என் மனைவி நிமிர்ந்து நின்றாலே ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அதை நான் கவனிக்கவில்லை. ஆழம் குறைந்தால் பார்ப்பவர்கள் குளம் என்று சொல்ல மாட்டார்களே என்பதுதான் என் கவலையாக இருந்தது.

அடுத்து நடந்ததுதான் பெரிய தப்பு. மார்கழி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. மார்கழியில் புது வேலை தொடங்கக் கூடாது. தை வரைக்கும் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. "பூசைய இப்பவே போட்டுருவோம், ஆள அப்புறம் தேடிக்கலாம்" என்றேன். இன்னும் காண்ட்ரெக்டர் கிடைக்கவில்லை, நகராட்சிக் கவுன்சிலில் அனுமதிக்கு எழுதவில்லை, ஆனால் ஈசானிய மூலையில் பூமி பூசை முடிந்துவிட்டது. ஐயரை வைத்து ஒரு செங்கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் அறுத்து, தேங்காய் உடைத்து நட்டு வைத்தோம்.

எங்களுடையது மூலை வீடு. கொல்லையின் அந்த மூலையில் ஒரு ரம்புத்தான் பழ மரம், அதைத் தாண்டிக் கம்பி வேலி, வேலிக்கு அந்தப்புறம் ஒரு சந்து. தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளில் அந்தச் சந்து வழியாகத்தான் போவார்கள். மஞ்சள் குங்குமத்தோடு மரத்தடியில் ஒரு கல் நின்றால் நம்மவர்கள் என்ன நினைப்பார்கள்? முதல் வாரம் ஒருவர் வண்டியை மெதுவாக்கி நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார். இரண்டாவது வாரம் ஹாரன் அடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் கல்லின் முன்னால் ஒரு சுருட்டு இருந்தது.

"முனியாண்டின்னு நெனச்சிட்டாங்க போல" என்றாள் என் மனைவி. அவள் முகத்தில் கவலையே இல்லை.

பூ மட்டும் தினமும் புதிதாக இருந்தது. ஒரு நாள் கறுப்பு பீர் ஒரு டின்கூட வந்தது. அதைக் குடித்துவிடலாமா என்று நான் யோசித்தது சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இந்த நிலையில் காண்ட்ரெக்டர்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம். குளம் கட்டுவதில் நல்ல பெயர் உள்ளவர். படம் போட்ட பெரிய புத்தகம் கொண்டுவந்தார். அவரைக்காய் வடிவில் ஒரு குளம், வட்டத்தில் ஒன்று, அடியில் நீல விளக்கு எரிவது ஒன்று. என் வரைபடத்தைப் பார்த்து "பாகூஸ், பாகூஸ்" என்று பாராட்டினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பிறகு இடத்தைப் பார்க்கக் கொல்லைக்கு வந்தார். கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அண்ணே, இனி டத்தோக் கா?" என்றார் மெதுவாக மலாயில், இது தெய்வமா என்று.

"இல்ல தவுக்கே, வெறும் செங்கல்" என்று மலாயில் விளக்கினேன்.

"செங்கல்லுக்கு யாரு பீர் வைப்பா? தாக் போலே லா அண்ணே, முடியாது." அவர் புத்தகத்தை மூடினார், கல்லை மூன்று முறை கும்பிட்டார், பின்பக்கமாகவே நடந்து போய் வண்டியில் ஏறினார். எவ்வளவு சொல்லியும் திரும்பி வரவில்லை.

அடுத்து என் சகலை. என் மனைவியின் அக்காள் புருஷன், பீடோங்கில் வீடுகளுக்கு அடுப்படி நீட்டிக் கட்டுகிறவர், கோயில் மண்டப வேலையும் செய்வார். நான் கூப்பிடவில்லை. தவுக்கேயைக் கூப்பிட்ட செய்தி கேட்டு அவருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. "சொந்தக்காரன் உயிரோட இருக்கும்போது வெளியாளா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அளவு நாடா இல்லை, காலடியாலேயே அளந்தார். அளந்து முடித்துக் கல்லின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

"சாமி நம்ம சாமி, அதனால எனக்குப் பயமில்ல. ஆனா வெயில்ல நிக்குதே. மொதல்ல ஒரு கூரை போடுவோம்."

மூன்று நாளில் வரைபடத்தோடு வந்தார். கோயிலுக்குப் பன்னிரண்டு அடி, மணி தொங்க ஒரு வளைவு, செருப்பு விட ஓர் இடம். மீதியில் குளம் ஆறடிக்கு ஆறடி.

"ஆறடியில எப்படி நடக்கிறது?"

"சுத்திச் சுத்தி நடக்கலாம்ல? பிரதட்சணம் மாதிரி."

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அந்த இடத்திலேயே நட்டிருப்பேன். சொந்தக்காரராகப் போய்விட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று தே கலக்கிக் கொடுத்து அனுப்பினேன். அன்று சாயந்திரம் என் மனைவி நாற்காலியிலிருந்து எழ இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவைதான் எழுந்தாள். நான் பார்க்காத மாதிரி பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். தை பிறந்து பாதி போய்விட்டது, ஒரு பிடி மண்கூட வெட்டவில்லை. பயமாக இருந்தது.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண். பாடாங் மேஹா பக்கம் கெளுத்தி மீன் குளங்கள் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு நீச்சல் குளம் கட்டக் கற்றுக்கொண்டாராம். நாற்பது வயது இருக்கும். தொப்பி, சேறு படிந்த பூட்ஸ், இடுப்பில் அளவு நாடா. மீன் குளம் வெட்டுகிறவரா என்று எனக்கு இளக்காரம்தான். வரைபடத்தை நீட்டினேன். வாங்கி, பார்க்காமலேயே மடித்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாருண்ணே எறங்கப் போறது?"

இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. தவுக்கே கேட்கவில்லை, சகலை கேட்கவில்லை. நானும் கேட்டதில்லை.

"அவதான்" என்று காட்டினேன்.

"அக்கா, இப்படிக் கொஞ்சம் நடந்து வாங்க."

என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தாள். முன்பு நாங்கள் அடுப்படி கட்டியபோது மிஞ்சிய செங்கற்களில் ஒன்றை அந்தப் பெண் எடுத்துத் தரையில் படுக்கப் போட்டார். "இதுமேல காலு வைங்க." வைத்தாள். இன்னொன்றை அதன்மேல் அடுக்கினார். என் மனைவி அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு வைத்தாள். மூன்றாவது கல்லையும் அடுக்கினார். கால் பாதி உயரம் போய் நின்றுவிட்டது. மறுபடி முயன்றாள். முடியவில்லை. முகம் சிவந்து சிரித்தாள்.

"அக்கா, துண்டு காயுதே அந்த ஏணி, அதுல ஒரு படிக்கு இன்னொரு படி இத விட ஒசரம். எப்படி ஏறுவீங்க?"

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ரம்புத்தான் மரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"ஏற முடியல. ஹோட்டல்ல எறங்கிட்டேன். தண்ணிக்குள்ள நல்லா நடந்தேன், வலியே இல்ல. ஏறத்தான் முடியல. ரெண்டு ஆம்பளைங்க வந்து கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கினாங்க. எல்லாரும் பாத்தாங்க."

நான் அப்போது எதிர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது தே சொல்லியிருந்தேன்.

"உடுப்புத்தானே காரணம்னு சொன்ன?"

"அதையும் சொன்னாங்க. அத உங்ககிட்ட சொல்ல வெக்கமா இல்ல. இது வெக்கமா இருந்துச்சு."

"ஏணி வாங்கி வந்தப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"எவ்வளவு ஆசையா கூரையில கட்டிக்கிட்டு வந்தீங்க. எப்படிச் சொல்றது? சரி, குளம் நின்னுபோனா சாமி தடுத்ததா இருக்கட்டும்னு தெனமும் பூ வச்சேன்."

அத்தனை நாள் பூவும் இவள் வைத்ததா?

"சுருட்டும் நீயா?"

"ச்சீ. அது யாரோ."

"பீரு?"

"அது பீடோங் அத்தான். சாமி பேரச் சொல்லி வேல கெடைக்கும்னு."

அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்காகக் குளம் கட்டுகிறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன், அவள் எவ்வளவு உயரம் கால் தூக்குவாள் என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். அவள் தலைக்கு மேல் தண்ணீர் நிற்கும் குழியை வரைந்து வைத்திருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருந்தது.

"படியே வேணாம்ணே" என்றார் அந்தப் பெண். "சாய்வுப் பாதை போடுவோம். மீன் குளத்துல லாரி எறங்கப் போடுவோமே, அதே மாதிரி. இங்க ஆரம்பிச்சு மெதுவா எறங்கி, அக்கா நெஞ்சு வரைக்கும். ரெண்டு பக்கமும் கம்பி. மூணே முக்கால் அடி ஆழம் போதும்."

"அது குளம் மாதிரியே இருக்காதே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, போடுங்க" என்றேன். காண்ட்ரெக்டரைத் தேர்ந்தெடுத்தது அவ்வளவுதான்.

"இந்தக் கல்லு?" என்று அவர் கேட்டார்.

என் மனைவி போய், மரத்தைப் பிடித்துக் குனிந்து, மஞ்சள் பூசிய கல்லைத் தானே எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையில் கொடுத்தாள். "சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். இத மொத வரிசையில வச்சிக் கட்டச் சொல்லுங்க" என்றாள். ஏணி ரம்புத்தான் பறிக்க ஆகும் என்று மரத்தில் சாய்த்து வைத்தேன்.

மறுவாரம் அந்தப் பெண் வந்து புல்லின்மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டார். பாதை எங்கே தொடங்கும், எங்கே திரும்பும், தண்ணீர் எதுவரைக்கும் என்று காட்டினார். இரண்டு பக்கமும் கழி நட்டுக் கைப்பிடிக்குக் கயிறு கட்டினார். "நடந்து பாருங்கக்கா, தப்பா இருந்தா இப்பவே மாத்திடலாம்."

என் மனைவி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்குள் நடந்தாள். பாதி வழியில் நின்று, "இங்க தண்ணி இருக்குமாம்மா?" என்று கேட்டாள். "ஆமாக்கா, இப்ப முட்டி வரைக்கும்" என்றார் அவர். உடனே இவள் புடவையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். சந்தில் போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர் கல் இருந்த இடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, அங்கே இவள் நடப்பதைக் கண்டு குழம்பிப் போனார்.

கோட்டின் கடைசிக்குப் போய் அவள் திரும்பி நின்றாள். நான் இந்தப் பக்கம் கோட்டுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன்.

"அங்க என்ன நிக்கிறீங்க?" என்றாள். "எறங்குங்க."

வெறும் புல்தான். இருந்தாலும் அந்தத் தண்ணீர்ப் பயம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.