நிரோஜா வேலைக்கு வந்த கிழமை

என் மச்சான் றிஸ்கான் உக்குவளையில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். எது பழுதானாலும் யார் மேலும் பழி போடாத ஆள். ஒரே ஒரு தடவை போட்டான். அது இன்னும் அவனைத் தின்றுகொண்டிருக்கிறது.

நிலையத்தின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சேர்வரில்தான் ஏறும். இந்த வருஷம் அதன் டிஸ்க் அடிக்கடி நிரம்பி எல்லாம் நின்றுபோகத் தொடங்கியது; மெஷினை நிறுத்திப் போட்டால் கொஞ்ச நாள் ஓடும், பிறகு மறுபடியும் நிரம்பும். பல்லேபொலயிலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் ரிப்போர்ட் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

"எப்ப இருந்து இந்தக் கூத்து?" நிலையத்துக்காரர் புஹாரி ஹாஜியார் கவுண்டரில் நின்றே கேட்டார். சனம் வரிசையில் நின்றது.

"நிரோஜா வேலைக்கு வந்த கிழமையில இருந்துதான் ஹாஜியார். படம், நாடகம் ஏதும் இறக்குறாங்களோ தெரியா" என்றான் றிஸ்கான்.

நிரோஜா தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவள்; கவுண்டரில் பெயர் பதிகிற வேலை. மகளை உக்குவளையில் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருவாள். "நான் ஒண்ணும் இறக்கலீங்க" என்று அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. கடதாசி எடுக்கச் சேர்வர் அறைக்குள் போனால் போனை வெளியே மேசையில் வைக்க வேண்டும் என்று அவளுக்கு மட்டும் ஒரு சட்டம் வந்தது. மறுபடியும் டிஸ்க் நிரம்பியதும், ஹாஜியார் அவளைத் தூரத்து யட்டவத்தைக் கிளைக்கு மாற்றினார். பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிப் போக ஆளில்லை, வேலையை விடப்போகிறாள் என்று கதை அடிபட்டது.

அவள் போன பிறகும் டிஸ்க் நிரம்பியது.

அன்றைக்குத்தான் றிஸ்கான், தோஹாவில் இதே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என்னைப் போனில் கூப்பிட்டான். "மச்சான், ஒரு அநியாயம் செஞ்சிட்டனோ தெரியா. கொஞ்சம் பாருடா."

இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். டிஸ்க் நிறைந்துவிட்டது என்கிறது சேர்வர். உள்ளே இருக்கும் கோப்புகளைக் கூட்டினால் பாதிகூட வரவில்லை. "அழிச்ச கோப்பு எதையாவது ஒரு புரோகிராம் இன்னும் விடாமப் பிடிச்சிருக்கா பாரு" என்றேன். தட்டினான். ஒரே ஒரு கோப்பு வந்தது. அதன் பெயரை அவன் இரண்டு தரம் வாசித்தான்.

அது அவன் போட்ட கோப்பு. முன்பு பிரின்டர் மக்கர் பண்ணியபோது, ரிப்போர்ட் புரோகிராம் செய்வதையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிவைக்கும்படி மாற்றியிருந்தான். கோப்பு பெருத்ததால், தினமும் தானாகவே அழியும்படியும் செய்திருந்தான். ஆனால் லினக்ஸில், திறந்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் மறையும். புரோகிராம் அதை மூடும்வரை இடம் திரும்பிக் கிடைக்காது.

"அப்ப முந்தி ஏன் நிரம்பல்ல?" என்றேன்.

"முந்தி மழை பெஞ்சா கரண்ட் போகும். மெஷின் படுத்து எழும்பும், இடம் தன்பாட்டுல கிடைச்சிடும். இன்வேட்டர் பெட்டரி வந்த பொறகு, நிரம்பி நாங்களா நிப்பாட்டினாத் தவிர அது படுக்கவே இல்ல." அவனே தொடர்ந்தான்: "பெட்டரி வாங்குங்க வாங்குங்கண்டு ஹாஜியாரை நச்சரிச்சதும் நான்தான். அது வந்ததும் அந்தப் புள்ள வந்ததும் ஒரே கிழமை, ரெண்டு நாள் முன்னப்பின்ன."

புரோகிராமை நிறுத்தி ஓடவிட்டதும் டிஸ்க் பாதிக்கு மேல் காலியானது. அந்த எழுதிவைக்கும் ஏற்பாட்டையும் எடுத்துவிட்டான்.

ஹாஜியாரிடம் தனியாகச் சொன்னான். "இப்ப வேல செய்யுதுதானே, அந்தப் புள்ளட விஷயத்தப் பொறகு பாப்பம்" என்றார் அவர். த்ரீவீல் பிடித்து யட்டவத்தைக்குப் போய் நிரோஜாவிடம் மன்னிப்புக் கேட்டான்.

"என்னயச் சொன்னது கவுண்டர்ல, சனத்துக்கு முன்னால. மன்னிப்ப மட்டும் இங்க வந்து மெதுவாக் கேக்குறீங்களே நானா?" என்றாள். அண்ணன் முறையில் அவனை நானா என்றுதான் கூப்பிடுவாள்.

மறுநாள் காலை, கவுண்டரில் வரிசை நிறைந்திருக்கும்போது றிஸ்கான் ஹாஜியாரைக் கூப்பிட்டான். "டிஸ்க் நிரம்பினது என்ட பிழையால ஹாஜியார். நிரோஜா ஒண்ணும் செய்யல்ல. யாராச்சும் யட்டவத்தைக்குப் போகணுமெண்டா என்னய அனுப்புங்க."

வரிசையில் நின்ற ஓர் உம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அப்ப என்ட சீனி ரிப்போர்ட் வராம ரெண்டு தரம் அலஞ்சது ஒன்னாலயா மகன்?" சனம் சிரித்தது. ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால், நிரோஜாவைத் திரும்பக் கூப்பிட மாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

நிரோஜா திரும்பி வந்துவிட்டாள். டிஸ்க் அதற்குப் பிறகு நிரம்பவில்லை. ஆனால் சேர்வர் அறைக்குள் கடதாசி எடுக்கப் போகும்போதெல்லாம், போனை மேசையில் வைத்துவிட்டுத்தான் போகிறாளாம்.

"அது வேணாம் தங்கச்சி. அந்தச் சட்டம் இப்ப இல்ல" என்று றிஸ்கான் சொல்லிப் பார்த்திருக்கிறான்.

"இருக்கட்டும் நானா. இன்னொரு நாளைக்கு நிரம்பினா?"