மருமகனுக்கு ஒரு கரண்டி குளுக்கோஸ்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்க வேண்டும். நிந்தவூரில் பிறந்த நான் சாய்ந்தமருதுக்கு மருமகனாகப் போனபோது ஈர்க்குச்சி மாதிரி இருந்தேன். கல்யாணப் படத்தில் கோட்டு நான் போட்டிருப்பதாகத் தெரியாது. என்மேல் காயப்போட்டிருப்பதாகத்தான் தெரியும். மாமி அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம், "யா அல்லாஹ், இந்தப் புள்ளைக்கு அங்க என்னத்தத்தான் குடுத்தாங்களோ" என்பார். என் உம்மாவைக் குறை சொல்லவில்லையாம்.

அந்தக் குறையை மாமி தன் கையாலேயே தீர்த்துவைத்தார். விடியற்காலையில் புட்டும் மீன் ஆணமும், பகலைக்குச் சோறு, இரவைக்கு ரொட்டியும் இறைச்சியும், இவற்றுக்கு இடையில் மண்முட்டித் தயிரும் அதில் ஊற்ற இனிப்புப் பாணியும். நான் "போதும் மாமி" என்றால் இன்னும் இரண்டு கரண்டி என்று அவர் விளங்கிக்கொள்வார். மாமா காலமான பிறகு அந்த வீட்டில் சமைத்துப் போடுவதற்கு நான் ஒருவன்தான் ஆண். என் வேலையோ கல்முனை பஸாரில் புடவைக்கடை. கதிரையில் குந்தி இருந்தபடி காசு வாங்கிப் போடுவதற்கு உடம்பில் என்ன கரையப்போகிறது?

ஒருநாள் நானும் மனைவியும் ஆட்டோவில் ஏறினோம். ஓட்டுபவர் சாவியைத் திருகாமல் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"காக்கா, குறை நினைக்காதீங்க. கொஞ்சம் நடுவுக்கு வாங்க. ஆட்டோ ஒரு பக்கம் இழுக்குது."

நான் நடுவுக்கு வந்தேன். மனைவிக்கு இருக்க இடமில்லாமல் போனது. கம்பியைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் தொற்றியபடி வீடு வந்து சேர்ந்தாள். மறுநாள் பாடசாலை விட்டு வரும்போது கண்ணாடியாலான ஒரு எடை பார்க்கும் இயந்திரத்தைக் கையோடு கொண்டுவந்தாள். அவள் மனையியல் படிப்பிக்கிறவள். எந்தச் சாப்பாட்டில் என்ன சத்து என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் வீட்டில் நான் இப்படி ஊதிக் கிடப்பது அவளுக்கு மானப் பிரச்சினை.

"சோற்றப் பாதியாக் குறைங்க. தேத்தண்ணிக்குச் சீனி வேணாம். விடியச் சுபஹ் தொழுதுட்டுக் கடற்கரையில நடங்க. வேற ஒண்டும் வேணாம்" என்றாள்.

நியாயமான திட்டம்தான். ஆனால் எனக்கு ரோசம் வந்துவிட்டது. அவள் பாதியைக் குறைக்கச் சொன்னாள். நான் இரவுச் சாப்பாட்டை முழுவதுமாக விட்டேன். பிறகு காலைச் சாப்பாட்டையும் விட்டேன். மாமி சோற்றுக் கோப்பையோடு என் பின்னால் வந்துகொண்டே இருந்தார்.

"நோன்பு முடிஞ்சு எத்தின மாசம்! இது என்ன புது நோன்பு மகன்? ஒங்கட உம்மா வந்து பாத்தா என்ன சொல்லுவாங்க? மாமிக்காரி பட்டினி போட்டுட்டா எண்டு நிந்தவூர் முழுக்கக் கதைப்பாங்க."

"மெலிஞ்சாத்தான் நல்லம் மாமி."

"மெலிஞ்ச மருமகன் எண்டா மாமிக்குத்தான் வெக்கம்" என்று கோப்பையைத் திரும்பக் கொண்டுபோனார்.

அந்த நாட்களில்தான் வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் கடைக்கு வந்தார்கள். வெள்ளாமை வெட்டி முடித்த கையோடு வந்தவர்கள். நல்ல மனநிலையில் இருந்தார்கள். மணப்பெண்ணின் தாய்க்கு ரோஸ் நிறத்தில் ஒரு சாரி வேண்டும். எடுத்துப் போட்ட எந்த ரோஸும் அவர் நினைத்த ரோஸ் இல்லை. தரையில் விரித்த வெள்ளைத் துணியில் சாரிகள் குன்றாகக் குவிந்துவிட்டன. கடைசியில் உச்சித் தட்டைக் காட்டினார். நானே ஏணியில் ஏறினேன்.

மேலே போய்க் கையை நீட்டியபோது தட்டு மெதுவாகத் திரும்புவது போலிருந்தது. பிறகு கடையும் திரும்பியது. நான் ஒரு சாரிக் கட்டைப் பிடித்தேன். அதுவும் என்னோடு வருவதற்குத் தயாராக இருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து கீழே வந்தோம். அந்தக் குன்றின் மேல் விழுந்ததால் எலும்பு தப்பியது. கண்ணைத் திறந்தபோது மணப்பெண்ணின் தாய் எனக்கு மேலே குனிந்து நின்றார். என் முதுகுக்குக் கீழிருந்து எதையோ பிடித்து இழுத்தார்.

"இதுதான் கா நான் கேட்ட ரோஸ்!" என்று மகளிடம் சொல்லிவிட்டு, பிறகுதான் என்னைப் பார்த்து, "தம்பி, ஒங்களுக்குச் சுகமில்லையா?" என்றார்.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. என்னை டொக்டரிடம் கொண்டுபோனபோது மாமி முன்னாலேயே வந்து வாசலில் நின்றார். டொக்டர் ஒரு பெண். எங்கள் ஊருக்கெல்லாம் பழக்கமானவர். பிரஷர் பார்த்தார். விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்டுமில்ல டொக்டர்."

"நேத்து ராவைக்கு?"

"வெறுந்தேத்தண்ணி."

டொக்டர் மாமியைப் பார்த்தார். மாமி எழுந்தே விட்டார்.

"நான் குடுக்கல்ல எண்டு நினைக்காதீங்க டொக்டர்! கோப்பையோட பின்னால திரிஞ்ச நான். அல்லாஹ்வுக்குத் தெரியும்!"

டொக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "வருத்தம், வியாதி ஒண்டுமில்ல. பட்டினிதான். உடம்பக் குறைக்கிறது எண்டா சாப்பிடாம கிடக்கிறதில்ல. நேரத்துக்குச் சாப்பிடுங்க, அளவாச் சாப்பிடுங்க. இப்பிடித் தலை சுத்தி வந்தா மட்டும் ஒரு கரண்டி குளுக்கோஸத் தண்ணியில கரைச்சுக் குடிங்க. அதுக்கு மறுகா சாப்பாட்டச் சாப்பிடுங்க."

இவ்வளவு பேச்சிலும் மாமியின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். வரும் வழியில் மருந்துக்கடைக்கு முன்னால் ஆட்டோவை நிறுத்தி இறங்கிப்போனவர், திரும்பி வரும்போது இரண்டு கையிலும் குளுக்கோஸ் பெட்டிகள். முகத்தில் நோன்புப் பெருநாள்.

எனக்கும் மறுப்பதற்கு மனமில்லை. அந்த மாவை நாக்கில் வைத்தவுடன் ஒரு குளிர்ச்சி வருமே, ஐஸ் இல்லாத ஐஸ் மாதிரி, அதை நான் எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அன்றுதான் அனுபவித்தேன். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடி முடித்தவர்களின் உள்ளங்கையில் அதைக் கொட்டுவார்கள். நான் ஓடாமலே வரிசையில் போய் நின்று வாங்கி நக்கியவன்.

முதலில் நடக்கப் போகுமுன் ஒரு கிளாஸ். வந்ததும் ஒரு கிளாஸ். பிறகு தேத்தண்ணிக்குச் சீனிக்குப் பதிலாகக் குளுக்கோஸ். பப்பாசித் துண்டின் மேல் தூவல். தயிருக்குப் பாணி தடை என்பதால் அதற்கும் குளுக்கோஸ். கடைக்குக் கொண்டுபோகும் தண்ணீர்ப் போத்தலிலும் வெள்ளையாக ஏதோ அடியில் படிந்து கிடக்கும். மாமி எதையும் ஒளித்துச் செய்யவில்லை. "டொக்டர் தந்த மருந்து" என்று பிஸ்மில்லாஹ் சொல்லிக் கலக்கித் தருவார். மருமகன் மருந்து குடிக்கிறான் என்ற நிம்மதியில் அவர் முகம் பளபளத்தது. சோறு பாதிதான், கணக்கு சரிதான் என்று நானும் குடித்தேன்.

எனக்கு வந்த உசாரைச் சொல்லி முடியாது. கடையில் வாய் ஓயவில்லை. இடுப்பில் உடுக்கச் சாரம் வாங்க வந்தவருக்குக் கட்டில் விரிப்பும் விற்றேன். விடியற்காலைக் கடற்கரையில் கால் மண்ணில் பட்டதா இல்லையா என்று தெரியாமல் நடந்தேன். ஒருநாள் காலை தெற்கே நடக்கத் தொடங்கியவன் நிற்கவே இல்லை. காரைதீவுக் கரையைத் தாண்டினேன். தோணி தள்ளுகிறவர்களுக்கெல்லாம் சலாம் சொன்னேன், வணக்கம் சொன்னேன். நானே பாட்டு மாதிரி ஒன்றை முணுமுணுத்தேன். வெயில் ஏறியபோது நிமிர்ந்து பார்த்தால் நிந்தவூர். நடந்தே பிறந்த ஊருக்கு வந்துவிட்டேன்!

உம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார். "என்ன மகன் இந்த நேரத்தில? சண்டையா?"

"இல்ல உம்மா, நடந்து வந்த நான். உடம்பக் குறைக்க."

"அப்ப களைச்சிருப்பாயே" என்று உள்ளே போனார். புட்டு அவிந்துகொண்டிருந்தது. கீரி மீன் பொரியல் இருந்தது. உம்மா மனம் நோகாமல் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினேன். அந்த வழி எனக்குப் பிடித்துப்போனது. பிறகும் பல காலைகள் நிந்தவூர்ப் பக்கமே நடந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி என்னைக் கண்ணாடி இயந்திரத்தில் ஏற்றினாள். இறங்கச் சொன்னாள். இயந்திரத்தை வேறு இடத்தில் வைத்து மறுபடி ஏற்றினாள்.

"கூடியிருக்கு" என்றாள்.

"உடுப்புப் பாரமாக்கும்."

"சாரத்துக்கு ரெண்டு கிலோவா?"

அன்று அவள் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். மாமி எனக்குக் கிளாஸில் மூன்றாவது கரண்டியைப் போடும்போது கையைப் பிடித்துவிட்டாள்.

"என்ன உம்மா இது?"

"மருந்து கா."

"இது சீனி உம்மா!"

"சீனி எண்டா கரும்பில வாறது. இது மருந்துக்கடையில வாறது. சீனியா இது?"

"சீனிக்கே உம்மா இது!"

மாமி கரண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது. "ஒங்களுக்கும் தெரியாதா?" என்று மனைவி என் பக்கம் திரும்பினாள். "கதைக்காம வாங்க ரெண்டு பேரும், டொக்டர்ட்ட போவம்."

டொக்டர் முழுக் கதையையும் கேட்டார். பப்பாசியில் தூவியது வரைக்கும் அடக்கிக்கொண்டிருந்தார். நிந்தவூர்ப் புட்டு வந்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார்: குளுக்கோஸ் உடனே இரத்தத்தில் சேரும், மயக்கம் வந்தவனுக்கும் நெடுந்தூரம் ஓடுகிறவனுக்கும் அது கைகொடுக்கும், கதிரையில் இருக்கிறவனுக்கு அது சீனிதான், மிஞ்சினால் கொழுப்பாகத்தான் போய்ச் சேரும். "காலையில ஒரு முட்டை, அவிச்ச கடலை, கொஞ்சம் சிவப்பரிசிச் சோறு. தாகத்துக்கு வெறுந்தண்ணி. அவ்வளவுதான்" என்றவர், சட்டென்று மாமியைப் பார்த்தார்.

"நீங்க குடிக்கல்லையே?"

"ருசி பாக்காம மருமகனுக்குக் குடுக்க ஏலுமா டொக்டர்?"

மாமியின் விரலிலும் குத்தினார்கள். சீனி வியாதி இன்னும் இல்லை. ஆனால் வாசலில் வந்து நிற்கிறதாம். இனிப்பை விட்டு, தினமும் நடக்க வேண்டுமாம்.

"நடக்கவா? அடுப்படிக்கும் கிணத்தடிக்கும் நடக்கிறது காணாதா?"

"காணாது" என்றார் டொக்டர்.

முதல் நாள் மாமி கறுப்பு அபாயாவைப் போட்டு, முகத்திரையைக் கண் வரைக்கும் இழுத்துக்கொண்டு, திருடப் போகிறவர் மாதிரி வெளிக்கிட்டார். வெளிச்சம் வருவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவசரப்படுத்தினார். ஆனால் கடற்கரையில் ஊர்ப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நடப்பதைக் கண்டதும் முகத்திரை மேலே போனது. அடுத்த நாட்களில் ஒவ்வொரு கூட்டத்திலும் நின்று கதை. குளுக்கோஸ் கதையை அவரே சொல்லி அவரே சிரித்தார். அந்தக் கதையில் என் வயிறு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வளர்ந்தது. நடையில் எங்களை விட்டு முன்னால் போய், "மெல்ல வாறீங்களே, புள்ளைகள்" என்று திரும்பி நின்று கூப்பிடுவார்.

நான் இப்போது முட்டையும் கடலையும் சாப்பிட்டுவிட்டுத்தான் நடக்கிறேன். வடக்கே நடக்கிறேன், அந்தப் பக்கம் உம்மா இல்லை. எடை அவசரப்படாமல் இறங்குகிறது. மாமியின் இரத்தத்தில் சீனி வாசலை விட்டுத் தெருவுக்குப் போய்விட்டதாக டொக்டர் சொன்னார்.

போன கிழமை ஒரு காலை. மூன்று பேரும் நடந்துகொண்டிருந்தோம். தூரத்தில் கரைவலை இழுத்து முடித்திருந்தார்கள். வலை மடியில் கீரி மீன் துள்ளி, கரையே வெள்ளியாக மினுங்கியது. அந்தப் பக்கமிருந்து வேறொரு பெண்கள் கூட்டமும் அதைக் கண்டுவிட்டது. அவர்களுடைய நடை வேகமானது. மாமி ஒரு கணம் பார்த்தார். பிறகு அபாயாவை இரண்டு கையாலும் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார்.

"ஓடுங்க மகன்! அவளுகள் எடுத்துருவாளுகள்!"

நாங்களும் ஓடினோம். மனைவியின் செருப்பு ஒன்று கழன்று அலையோடு போனது, அவள் நிற்கவில்லை. அங்கால் இருந்த பெண்களும் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள். வலைக்காரர்கள் எழும்பி நின்று கை தட்டினார்கள். மாமிதான் முதலில் போய்ச் சேர்ந்தார். சேர்ந்ததும் வலைக்குப் பக்கத்தில் ஈர மணலில் அப்படியே இருந்துவிட்டார். மூச்சு வாங்குகிறது, சிரிப்பும் வருகிறது, பேச்சு வரவில்லை.

"எத்தின கிலோ உம்மா?" என்று ஒரு வலைக்காரர் கேட்டார்.

மாமி பத்து விரலையும் விரித்துக் காட்டினார். கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் சொன்னார். அந்த மனிதர் பத்துக் கிலோவை நிறுத்து மாமியின் மடியில் வைத்துவிட்டார். அன்று பகல் எங்கள் வீட்டு வளவைச் சுற்றி எல்லா வீட்டிலும் கீரி மீன் பொரிந்தது.