ஒரே வாளித் தண்ணீர், இரண்டு எண்கள்

நீர்ப் பரிசோதனை அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் ‘மூணு தடவை’. ஆற்றில் தண்ணீர் எடுக்கும்போது பாட்டிலை முதலில் அந்த ஆற்றுத் தண்ணீராலேயே மூன்று தடவை அலசிக் கொட்டுவாள். நான்காவது தடவைதான் நிரப்புவாள். பாட்டிலில் பழைய தூசி ஒட்டியிருந்தால் அதுவும் ஆற்றின் கணக்கில் சேர்ந்துவிடும் என்பதுதான் காரணம். இருபத்தாறு வருடத்தில் மழைக்கோ காற்றுக்கோ பயந்து ஒரு நாளும் இரண்டோடு நிறுத்தியதில்லை. படகுக்காரர் துடுப்பை ஊன்றிப் பிடித்தபடி, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருக்கிறது, பவுடர் மட்டும்தான் பாக்கி என்பார். அவள் சிரிப்பதும் இல்லை, கோபித்துக்கொள்வதும் இல்லை.

கணவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஒரு காலையில் செருப்பை மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்துவிட்டாள். அதன்பின் எல்லாமே அவளுக்குப் பக்கத்து அறையில் ஓடும் வானொலி மாதிரி ஆகிவிட்டது. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. வேலையில் மட்டும் பிசகு வரவில்லை. கை அதன் பாட்டுக்குச் செய்தது.

அவளைத் தன் வீட்டு மாடிக்குக் கூட்டிவந்தவள் தங்கை. முதல் மூன்று மாதம், பட்டறையை வேலைக்காரப் பெண்களிடம் விட்டுவிட்டு மத்தியானங்களில் மாடிக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். ஆறுதல் எதுவும் சொன்னதில்லை. பழைய ஸ்வெட்டர் ஒன்றைப் பிரித்து உருண்டை சுற்றிக்கொண்டிருப்பாள்; அதை முடித்ததும் இன்னொன்றைப் பிரிப்பாள்.

தங்கையுடையது ஆற்றோரச் சாயப்பட்டறை. கம்பளி நூலுக்குக் கறுப்பு ஏற்றுவது அவர்கள் வேலை. கறுப்பு வெளுக்காமல் நிற்க ஒரு குரோம் உப்பு போட வேண்டும். நூல் குடித்தது போக மிச்சம் வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகும். அந்தக் கரையில் அப்படிப் பதினேழு பட்டறைகள் இருந்தன. வாய்க்காலின் வாய்க்கு மிக அருகில் இருந்தது தங்கையுடையது.

அந்த ஆறுதான் எல்லை. எதிர்க்கரை வேறு நாடு. தங்கையின் நூலை வாங்கும் நெசவாலையின் புகைபோக்கி பட்டறை வாசலிலிருந்தே தெரியும். ஆனால் ஆற்றை நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று இரண்டு நாடும் சண்டை பிடித்துக்கொண்டு, பாலத்துக் கேட்டைப் பூட்டிப் பதினோரு வருடம் ஆயிற்று. நூல் லாரியில் துறைமுகம் போய், கப்பல் ஏறி, அவர்கள் நாட்டின் மறுமுனையில் இறங்கி, இருபத்திரண்டு நாள் கழித்து அந்தப் புகைபோக்கிக்கு வந்துசேரும். கூவினால் கேட்கும் தூரத்துக்கு உலகத்தையே சுற்றிக்கொண்டு போகிறது என் நூல் என்பாள் தங்கை.

இரண்டு அரசும் ஒருவழியாக உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தம் எழுதின. மாதம் ஒரு தடவை இரண்டு கரையிலிருந்தும் ஒவ்வொரு படகு கிளம்பி நடு ஆற்று மிதவையில் சேர வேண்டும். ஒரே வாளியில் தண்ணீர் மொள்ள வேண்டும். அதிலிருந்து அவரவர் பாட்டிலை நிரப்பி, எவ்வளவு குரோமியம் இருக்கிறது என்று அவரவர் ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போய், வரம்புக்குள்ளும் இருந்தால் கேட் திறக்கும். ஒத்துப்போய் வரம்பைத் தாண்டியிருந்தால், தாண்டவைத்த பட்டறைகளை மூடிவிட்டு இரண்டு நாடும் சேர்ந்து கழிவுநீர் ஆலை கட்டும். ஆறு மாதத்துக்குள் எண்களே ஒத்துப்போகாவிட்டால் ஒப்பந்தம் தானாகக் காலாவதியாகிவிடும்.

நான்கு மாதம் எண்கள் ஒத்துப்போகவில்லை. இந்தக் கரை எண் ஒவ்வொரு தடவையும் வரம்புக்குக் கீழே வந்தது. அந்தக் கரை எண் வரம்பைப் போல மூன்று மடங்கு. இரண்டு ஆய்வகத்துக்கும் ஒரே கரைசலை அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு இயந்திரமும் சரியாகவே சொல்லின. ஒரே வாளித் தண்ணீர், இரண்டு எண்கள். இந்தக் கரைப் பத்திரிகைகள், நம் நூலைத் தடுக்க அவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள் என்று எழுதின. அந்தக் கரைப் பத்திரிகைகள், இவர்கள் விஷத்தை மறைக்கிறார்கள் என்றன. நீதான் மொள்ளுகிறாய், நீயே சொல், எது நிஜம் என்று தங்கை கேட்டாள். மொள்வது மட்டும்தான் தன் வேலை என்றாள் அவள்.

அந்த நாட்களில்தான் அவளுடைய வலது கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரல் நுனியிலும், நகத்தோடு சேர்த்து, மஞ்சள் திட்டு விழுந்திருந்தது. சோப்புக்குப் போகவில்லை. வலியும் இல்லை, அல்லது அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டுத் தட்டை நீட்டும்போது தங்கை பார்த்துவிட்டாள்.

“சாயப்பட்டறை வச்சிருக்கிறது நானா நீயாக்கா? என் கையே இவ்வளவு கறையா இல்ல.”

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அவள் தட்டை வாங்கிக்கொண்டாள்.

ஐந்தாம் மாதம் மிதவைக்குப் போனபோது காலை பத்து மணி. வெயில் ஏறியிருந்தது. அந்தக் கரைப் படகில் எப்போதும் வருபவன் முப்பது வயதுக்காரன். பாட்டில் மூடியை வாயில் கவ்விக்கொண்டு எழுதும் பழக்கம் உள்ளவன். இந்தக் கரை மொழியும் தெரிந்தவன். அக்கா என்று வணக்கம் சொல்வான், அதற்கு மேல் பேச மாட்டான். ஒரு தரப்பு மற்றத் தரப்புக்கு எதையும் சொல்லித்தரக் கூடாது என்பது விதி. அந்த மாதம் வாளி அவன் முறை. மொண்டு, படகுகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான்.

அவள் பெட்டியிலிருந்து புது பாட்டிலை எடுத்தாள். ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு கரைக்கும் ஒரே கம்பெனி பாட்டில்தான் வருகிறது. அடியில் எப்போதும் ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகத் தண்ணீர் மாதிரி ஏதோ கிடக்கும். கம்பெனிக்காரன் கழுவிவிட்டுச் சரியாகக் காயவைக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். முதலில் அதைக் கொட்டினாள். பிறகு அலசினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

வாளியைப் பிடித்திருந்தவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தான்.

“அக்கா, கேக்கக்கூடாது. கேக்குறேன். எதுக்குக் கழுவுறீங்க?”

“கழுவாம எப்படித் தம்பி?”

“உள்ள அமிலம் இருக்கே. அவங்களே ஊத்தி அனுப்புறாங்க. அது இல்லாட்டி குரோமியமெல்லாம் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கும், தண்ணியில தெரியாது.”

அவள் கொட்டியது எங்கே போனது என்று பார்ப்பது போல ஆற்றைப் பார்த்தாள். பிறகு கட்டைவிரலைப் பார்த்தாள்.

முன்பெல்லாம் வெறும் பாட்டிலில் மொண்டு வருவாள். அமிலம் ஆய்வகத்தில் சேர்ப்பார்கள். புது முறைக்குப் பயிற்சி தலைநகரத்தில் இரண்டு நாள் நடந்தது. ஆய்வக அதிகாரி போய்வந்தார். கையேடு இரண்டு கரைக்கும் பொதுவான மூன்றாவது மொழியில் இருந்தது. பாட்டில் மேல் ஒட்டியிருந்த சிறு எழுத்தும் அதே மொழி; அவளுக்கு அது படிக்கத் தெரியாது. அதிகாரி கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, புது பாட்டில் வந்திருக்கிறது, மற்றதெல்லாம் வழக்கம் போலத்தான் என்று சொல்லியிருந்தார். வழக்கம் என்றால் மூன்று தடவை.

போன மாதமே கேட்டிருக்க வேண்டும், வாயைத் திறக்காதே என்று எங்கள் அதிகாரி சொல்லிவிட்டார் என்றான் அவன். குரல் தாழ்ந்திருந்தது. படகுக்காரர் துடுப்பை விட்டுவிட்டுக் காதை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார்.

பெட்டியில் மாற்று பாட்டில் ஒன்று உண்டு. அலசிய பாட்டிலை நிரப்பினால் இந்த மாதமும் எண் கீழே வரும். ஆறாவது மாதமும் வந்துவிட்டால் ஒப்பந்தம் போய்விடும். கேட் பூட்டியே கிடக்கும், ஆனால் பட்டறை ஓடும். மாற்று பாட்டிலை நிரப்பினால் எண் மேலே போகும். மேலே போனால் முதலில் மூடுவது வாய்க்காலின் வாய்க்கு அருகில் இருக்கும் தங்கையின் பட்டறையை. இவ்வளவும் அவளுக்கு வரிசையாகத் தெரிந்தது. நெஞ்சு படபடக்கும் என்று எதிர்பார்த்தாள். படபடக்கவில்லை. வாளியைப் பிடித்திருந்தவன் கை மாற்றிக்கொண்டதுதான் தெரிந்தது. பாவம், கனம்.

மாற்று பாட்டிலை எடுத்தாள். அலசாமல், மூடியைத் திறந்த கையோடு கழுத்து வரை நிரப்பி மூடினாள். அலசாமல் விட்டது கைக்கு என்னவோ போல இருந்தது, சாப்பிட்டுவிட்டு வாய் கொப்பளிக்காத மாதிரி.

படிவத்தில், பாட்டில் மாற்றப்பட்டதற்குக் காரணம் என்று ஒரு கட்டம். படகுக்காரர் தலையை நீட்டினார்.

“மூடி விரிசல்னு போடுங்கக்கா. யாரு பாக்கப்போறா?”

அப்படிப் போடலாம்தான். ஆனால் நான்கு மாதம் கீழே இருந்த எண் ஐந்தாம் மாதம் காரணமில்லாமல் மேலே ஏறினால், அந்தக் கரை என்ன சொல்லும்? இவ்வளவு நாள் மறைத்தார்கள் என்றுதானே. அதற்குப் பிறகு இந்தக் கரை தரும் எந்த எண்ணையும் அவர்கள் நம்ப மாட்டார்கள். அவள் எழுதினாள்: ‘பாட்டிலில் இருந்த அமிலத்தைக் கொட்டி அலசிவிட்டேன். முந்தைய நான்கு மாதமும் அப்படியே செய்தேன்.’ தாள் ஈரம். ‘நான்கு’ என்ற சொல்லில் மை எழும்பவில்லை. அதன் மேலேயே இன்னொரு தடவை எழுதினாள். எதிர்ப் படகில் வாளி பிடித்திருந்தவன் அதைப் படித்துவிட்டு, தன் கையெழுத்தைப் போட்டான். மூடியை வாயில் கவ்வ மறந்திருந்தான்.

சாயங்காலம் பட்டறைக்கே போய்த் தங்கையிடம் சொன்னாள். தங்கை கொப்பரையில் கோலைவிட்டு நூலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். வேலைக்காரப் பெண்கள் நான்கு பேரும் ஈர நூலைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முழுவதையும் கேட்டுவிட்டு, கோலை எடுத்துக் கொப்பரை விளிம்பில் சார்த்தினாள்.

“எவ்வளவு வரும்?”

“மூணு மடங்கு.”

“மூடி உடைஞ்சிருச்சுன்னு எழுதியிருக்கலாம்ல?”

“படகுக்காரரும் அதைத்தான் சொன்னாரு.”

“அந்தாளுக்கு இருக்கிற புத்திகூட உனக்கு இல்ல,” என்றாள் தங்கை. திரும்பி, கொப்பரைக்கு அடியில் தீயைக் குறைத்தாள். அன்றைய நூல் அரைக் கறுப்பில் நின்றுவிடக் கூடாது என்று முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தாள்.

எண்கள் ஒத்துப்போயின. இந்தக் கரை மூன்று புள்ளி ஒன்று மடங்கு, அந்தக் கரை மூன்று புள்ளி இரண்டு. இரண்டு நாட்டு அதிகாரிகளும் மேசைக்குக் குறுக்கே கை குலுக்கிய படம் பத்திரிகையில் வந்தது. ஆறு கெட்டிருக்கிறது என்பதில் இரண்டு நாடும் ஒரே கருத்துக்கு வந்ததில் அவ்வளவு சந்தோஷம்.

அவள் மீது விசாரணை நடந்தது. ஆய்வகத்துக்கு வரும் ஒவ்வொரு பாட்டிலிலும் அமிலம் இருக்கிறதா என்று காகிதத் துண்டை நனைத்துப் பார்க்க வேண்டும். பார்த்ததாக நான்கு மாதமும் அந்தக் கட்டத்தில் சரிக்குறி போடப்பட்டிருந்தது. போட்டது அதிகாரி. அவர் விசாரணை முடியும் வரை மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த காலண்டரையே படித்துக்கொண்டிருந்தார். அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. தான் எழுதியது தன் கை செய்ததை மட்டும்தான் என்று சொன்னாள். அவளைப் படகிலிருந்து எடுத்துச் சாமான் அறைக்கு மாற்றினார்கள்.

பதினேழு பட்டறைகளுக்கும் சீல் வைத்தார்கள். தங்கை கொப்பரைகளைக் கவிழ்த்து வைத்தாள். நான்கு பெண்களில் இருவர் கழிவுநீர் ஆலைக் கட்டட வேலைக்குப் போனார்கள். ஆலைக்குப் பாதிக் கம்பி எதிர்க்கரையிலிருந்து வந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு பாலத்தைக் கடந்த முதல் லாரி அதுதான். கம்பியை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிற்று. கேட்டை மறுபடி பூட்டினார்கள்.

தங்கை சில வாரம் அவளோடு பேசவில்லை. ஆனால் மாடிக்குச் சாப்பாடு வருவது நிற்கவில்லை.

சாமான் அறையில் அவளுக்கு வேலை குறைவு. வரும் பாட்டில் ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டினாள்: ‘உள்ளே அமிலம். கழுவாதீர்கள்.’ எதிர்க்கரை மொழியில் அதை எப்படி எழுதுவது என்று படகுக்காரர் மூலம் கேட்டனுப்பினாள். அந்தக் கரைப் படகில் வரும் பையன் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டிருந்தான். அதையும் கீழே சேர்த்துக்கொண்டாள். எழுதி முடிக்காதவற்றை வீட்டுக்கு எடுத்துவந்து மாடியில் உட்கார்ந்து எழுதுவாள்.

ஒரு மத்தியானம் தங்கை மாடிக்கு ஏறி வந்தாள். கையில் பிரிக்க வேண்டிய ஸ்வெட்டர். சீட்டு ஒன்றை எடுத்துப் படித்தாள்.

“இதை முதல் மாசமே ஒட்டியிருந்தா என் பட்டறையை நாலு மாசம் முன்னாடியே மூடியிருப்பீங்க.”

அது கேலியா குத்தலா என்று அவளுக்குப் பிரித்தறிய முடியவில்லை. முன்பு முடிந்திருக்கும். தங்கை எதிரே உட்கார்ந்து நூல் முனையைத் தேடிப் பிடித்து இழுத்தாள்.

“இந்த மாசம் எவ்வளவு?”

“ரெண்டு மடங்குக்கு மேல.”

“பட்டறையெல்லாம் மூடித்தான கிடக்கு?”

“அடியில சேறு இருக்கு. அதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமா வருது.”

“அப்ப அதுவும் என்னோடதுதான்,” என்றாள் தங்கை. சிறிது நேரம் நூலைச் சுற்றினாள். “அடுத்த மாசமும் சொல்லு.”

அவள் சரி என்றாள். சீட்டு எழுதிய கையில், நகத்தோடு சேர்ந்து வளர்ந்து மஞ்சள் கறை விளிம்புக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு தடவை வெட்டினால் போய்விடும்.