கோழிகளுக்காகக் கொடுக்கப்பட்ட ஒரே மகன்

எங்கள் சபையின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலை ஐந்தரை மணிக்கு ஒரு ரோஜாப்பூ வந்து விழும். பூவுக்குக் கீழே, கடவுள் உன்னை அன்புள்ள தகப்பனைப் போலச் சுமக்கிறார் என்ற பொருளில் இரண்டு வரி இருக்கும். நூற்றுச் சொச்சம் பேர் கைகூப்புவார்கள். நானும் கூப்புவேன். கூப்பிவிட்டுப் பல் துலக்கப் போனால் கண்ணாடியில் முகம் கடுகடுவென்று இருக்கும். ஐம்பதைத் தொடப்போகிறவனுக்கு விடிந்ததும் விடியாததுமாக ஒரு ரோஜாப்பூவின்மேல் இவ்வளவு கோபம் ஆகாதுதான். என்ன செய்ய, தகப்பன் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் விழித்துக்கொள்வது இடது கன்னம்.

அப்பா எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் சூப்பர்வைசராக இருந்தார். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு வீடு. மூன்று ஷெட் நிறைய முட்டைக் கோழிகள். அவற்றுக்கு வேளாவேளைக்குத் தீனியும், தும்மினால் டாக்டரும் உண்டு. எனக்குத் தும்மல் வந்தால் கஷாயம்தான்.

அப்பாவுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. வீட்டுக் குரலில் என் பெயர்கூட வராது, ‘டேய்’ மட்டும் வரும். ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து ‘அன்பின் தகப்பனே’ என்று ஜெபிக்க ஆரம்பித்தால் வருவது வேறு குரல், வெல்லப்பாகு மாதிரி. அந்தக் குரலில் ஒரே ஒரு தரம் என்னிடம் தண்ணீர் கேட்டிருந்தால் கிணற்றையே தூக்கிக்கொண்டு ஓடிவந்திருப்பேன். கேட்கவில்லை. பரலோகத்துக்கு ஒதுக்கிவைத்த குரலை என்மேல் செலவழிப்பானேன் என்று நினைத்தாரோ என்னவோ.

எனக்குப் பதினோரு வயது. சித்திரை மாதம், சனிக்கிழமை. வேலையாட்களுக்கு அன்று அரைநாள்தான். உச்சிவேளையில் தொட்டியின் வால்வைத் திறந்து மூன்றாவது ஷெட்டுக்குத் தண்ணீர் விடவேண்டியது அப்பாவின் பொறுப்பு. அந்த வால்வை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். அன்றைக்குச் சபையில் உபவாச ஜெபம். நேரமாகிவிட்டதென்று அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார். வால்வைத் திறக்கவில்லை. என்னிடம் எதுவும் சொல்லவும் இல்லை. நான் வீட்டுக்குப் பின்னால் வேப்பமர நிழலில் தனியாகக் கோலி விளையாடி என்னையே ஜெயித்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது மணி நாலு. அதே நேரத்துக்கு முதலாளியின் ஜீப்பும் வந்து நின்றது. மூன்றாவது ஷெட்டில் கோழிகள் வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, கூண்டுக்குள் சரிந்து கிடந்தன. பாதிக்கு மேல் செத்துவிட்டன. மீதி எங்களைப் பார்த்தபடியே செத்துக்கொண்டிருந்தன. நான் சத்தம் கேட்டு ஓடிவந்து அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றேன். பயந்தால் அப்பா பக்கத்தில் போய் நிற்கவேண்டும் என்பது என்னுடைய அன்றைய அறிவு.

“என்னப்பா இது?” என்றார் முதலாளி.

அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இன்றுவரை என்னால் பொறுக்க முடியாதது அந்த நொடிதான்.

“பையன்கிட்டச் சொல்லிட்டுத்தானுங்க போனேன். மறந்துட்டானுங்க.”

“என்கிட்டச் சொல்லவே…” என்று நான் வாயைத் திறந்தேன். அறை விழுந்தது. திறந்த வாய்க்கு ஒன்று, மூடாததற்கு இன்னொன்று. முதலாளி ஜீப்பில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா கன்னத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே நியாயம் சொன்னாள். “அப்பாவுக்கு வேலை போயிட்டா நாம எங்க கண்ணு போறது? ஒரு அறைதான.”

“ரெண்டு,” என்றேன்.

மறுநாள் சபை. போதகர் அன்றைக்கென்று பார்த்து, பரம தகப்பனின் அன்பைப் பற்றிப் பிரசங்கித்தார். யாரோ செய்த தப்புக்காகத் தன் ஒரே மகனைத் தண்டனைக்கு ஒப்புக்கொடுத்தாராம். அவ்வளவு அன்பாம். முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குக் காது சூடேறியது. இதில் அழ என்ன இருக்கிறது, நேற்றுத்தான் எங்கள் பண்ணையில் நடந்தது.

பிரசங்கத்துக்குப் பின் சாட்சி நேரம். அந்த வாரம் கடவுள் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். ஒவ்வொரு வரிக்கும் சபை ‘அல்லேலூயா’ போடும், மாட்டுக் கழுத்து மணி போல அது பாட்டுக்கு ஆடும். மூட்டுவலி குறைந்ததற்காக ஒரு அம்மாள் சொன்னார். ஆழ்துளைக் கிணறு தோண்டப் போன ரிக் வண்டி ஆந்திராவிலிருந்து பத்திரமாகத் திரும்பியதற்காக ஒரு டிரைவர் சொன்னார். நான் எழுந்தேன். சிறுவன் சாட்சி சொல்ல எழுந்ததில் போதகருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

“எங்கப்பாவும் பரலோகப் பிதா மாதிரித்தானுங்க.”

“அல்லேலூயா!”

“ஒரே மவனக் குடுத்துட்டாருங்க.”

“ஸ்தோத்திரம்!”

“கோழி செத்துப் போனதுக்கு.”

காது மந்தமான ஒரு பெரியவர் மட்டும் “ஆமென்” என்றார்.

“வால்வத் தொறக்காம ஜெபத்துக்கு வந்தது அவருங்க. மொதலாளிகிட்ட நாந்தான் மறந்தேன்னு பொய் சொல்லி என்னைய அடிச்சாருங்க. ரெண்டு அறை.”

போதகர் அவசரமாக “ஜெபம் செய்வோம்” என்றார். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அப்பா மூடவில்லை. நானும் மூடவில்லை. குனிந்த தலைகளுக்கு மேலாக நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெளியே வந்ததும் போதகர் என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார். “தம்பி, பரம தகப்பன் உங்கப்பா மாதிரி இல்லப்பா. அவர் அன்புள்ளவர்.”

“அப்பறம் ஏனுங்க மவன அடிக்க உட்டாரு?”

“வளர்ந்தப்புறம் புரியும்,” என்றார். வளர்ந்துவிட்டேன். அவர்தான் அடுத்த வருடமே வேறு ஊருக்கு மாறுதலாகிப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போனதும் தோல் உரியும் என்று எதிர்பார்த்தேன். அப்பா உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, “கெளம்பு, மொதலாளி ஊட்டுக்குப் போலாம்,” என்றார். சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். பிடித்துக்கொள்ள அவருடைய இடுப்பு இருந்தது. நான் கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

முதலாளி கட்டிலில் சாய்ந்திருந்தார். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“வால்வு தொறக்க மறந்தது நாந்தானுங்க. பையன்கிட்டச் சொல்லலீங்க. அவன் மேல தப்பில்லீங்க.”

முதலாளி சிரித்தார். “அது நேத்தே தெரியுமப்பா. அந்த வால்வத் திருப்ப நானே ரெண்டு கையும் வெக்கோணும். இந்தப் பொடுசு கைக்குத் திரும்புமா?”

“அப்ப ஏனுங்க ஒண்ணுஞ் சொல்லாம…”

“நீ அடிச்சே. எதுவரைக்கும் போறேன்னு பாத்துக்கிட்டிருந்தேன். போ, போய்ப் பொழப்பப் பாரு.”

வேலை போகவில்லை. போயிருந்தால் அப்பா நிமிர்ந்து வந்திருப்பாரோ என்று இப்போது நினைக்கிறேன். அவர் கழுத்து சட்டைக்குள் இறங்கிப்போயிருந்தது. எனக்கோ கொண்டாட்டம். ஜெயித்தாகிவிட்டது. முதலாளி எனக்காகவே அவரைத் தலைகுனிய வைத்ததாக நம்பினேன்.

திரும்பும் வழியில் ஒரு பெட்டிக்கடையில் சைக்கிளை நிறுத்தி எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். தனக்கு வாங்கவில்லை. நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்.

“இன்னும் கோவமா சாமி?”

குரல் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. வாராவாரம் சபையில் கேட்கிற குரல், அந்தப் பாகு. மாறிப்போய் என் பக்கம் வந்துவிட்டதோ என்று திரும்பிக்கூடப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சோளக்காடு மட்டும்தான் இருந்தது.

நான் பதில் சொல்லவில்லை. பாட்டிலை மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக உறிஞ்சினேன். ஒரு பெரிய மனிதரை வெயிலில் காக்கவைப்பது கலரைவிட ருசியாக இருந்தது. அவர் காலி பாட்டிலை வாங்கிக் கடையில் கொடுத்துவிட்டு, “செரி, ஏறு,” என்றார்.

அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தார். நாமக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் முழுக்க அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். கிரிக்கெட் பற்றிப் பேசினோம். இன்னும் கோவமா என்று அவர் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்று நானும் இருந்துவிட்டேன்.

மேலே இருக்கும் தகப்பனிடம் ஞாயிறுதோறும் முழங்காலில் நின்று கேட்டதைத்தான் அவர் அன்று பெட்டிக்கடை வெயிலில் நின்று என்னிடம் கேட்டார். மன்னிப்பதெல்லாம் பரலோகத்தில் இருப்பவரின் வேலை, கோபப்பட்டதோடு என் பங்கு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பதினோரு வயதுப் பையன் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான்.